ஒன்பதாம் பலகை

“ஓடிப்போனாரா? யாரு ஓடிப்போனது? நீ பார்த்தியா?” என்று கேட்டேன்.

கீழ்வீட்டுத் தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. “நான் எங்க பார்த்தேன், பெரியம்மா? எல்லாரும் சொல்றாங்க. உங்க மாப்பிள்ளையால ரெண்டு உயிர் போச்சாம், வேலையும் போச்சாம், வீட்லயும் இடமில்லாம கிளம்பிட்டாராம்.”

“வீட்ல இடமில்லைன்னு எவ சொன்னா?”

“நீங்கதான் வெளிய தள்ளிட்டீங்கன்னு…”

அப்போதுதான் மிஷின் நின்றது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது.

அந்தப் பேச்சில் வேலை போனது நிஜம். அது போக மூன்று சங்கதி இருக்கிறது. ஓடிப்போனார் என்பது பொய். அவர் இப்போது வெளியூரில் ஒரு தானியக் கிடங்கு வாசலில் லாரிகளுக்கு முறை வைத்து உள்ளே விடுகிறார். மாதம் ஒரு தடவை வந்து போகிறார். நான் தள்ளினேன் என்பது அதைவிடப் பெரிய பொய். இரண்டு உயிர் என்பதை மட்டும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல அவரே எங்களை விடவில்லை. ஆனால் எப்படி நடந்தது என்று தெரியாமல், துணி தைக்கிற கையோடு ஒரு மனிதருக்குத் தீர்ப்பையும் தைத்துவிடக் கூடாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவர் என் மகளின் கணவர். நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டு அறையில் பதினொரு வருடம் கணக்குப் போட்டவர். தெருவில் அவருக்குப் ‘பாலத்து மாப்பிள்ளை’ என்று பெயர். விடுமுறை நாளிலும் சாலைக்கு மேலே போகிற நடைபாலத்தில் நின்று, கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, கீழே போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். வேலையில்லாதவன் என்று சிலர் நினைத்தார்கள். விழப் போகிறார் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் ஒரு தடவை ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்திருக்கிறார். “நல்ல பிடி, அத்தை. இன்னும் வலிக்குது” என்று மாப்பிள்ளை வந்து சொன்னார்.

முதல் முதலாக என் மகள் அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதாகச் சொன்ன அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். “என்ன தம்பி, வழியில ஏதாவது ஆச்சா?” என்று கேட்டேன்.

“ரோடு நின்னுடுச்சும்மா. அரை மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து வந்தோம்.”

“என்னத்தால நின்னுச்சாம்?”

“எதுவுமே இல்லைம்மா. நெரிசல் முடிஞ்ச இடத்துல போய்ப் பார்த்தேன், ஒண்ணுமே இல்லை. விபத்து இல்லை, பள்ளம் இல்லை, ஒரு மாடுகூட இல்லை.”

ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டு, காரணமே இல்லை என்கிறாரே, இவரை நம்பி எப்படி என்று என் மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் விடவில்லை. வண்டிகள் நெருக்கமாகப் போகும்போது யாரோ ஒருவர் லேசாகப் பிரேக்கைத் தொட்டால் போதும். பின்னால் வருபவர் கொஞ்சம் அதிகம் தொடுவார், அவருக்குப் பின்னால் இன்னும் அதிகம், கடைசியில் ஒருவர் நின்றே விடுவார் என்றார். முதலில் தொட்டவர் அதற்குள் வீட்டுக்கே போயிருப்பார். நின்றது மட்டும் அலை மாதிரி பின்னாலேயே வரும். எல்லா வண்டியும் முன்னால் போகும், அலை மட்டும் சைக்கிள் மிதிக்கிற வேகத்தில் பின்னால் போகும்.

“இதுக்கா தம்பி இத்தனை வருஷம் படிச்சீங்க?” என்றேன்.

நான் கட்டட வேலையில் முப்பது வருடம் சித்தாளாக இருந்தவள். கான்கிரீட் போடுகிற நாளில் கலவை மிஷினிலிருந்து மேல்தளம் வரைக்கும் இருபது பேர் வரிசையாக நிற்போம். சட்டி கைக்குக் கை மாறி மேலே போகும். மேலே பன்னிரண்டாவதாக நிற்கிறவள் நெற்றியைத் துடைக்க ஒரு மூச்சு நேரம் நின்றால், பதினொன்றாவது ஆள் கையில் சட்டி தங்கும். பிறகு பத்தாவது, ஒன்பதாவது என்று அந்தத் தேக்கம் படிப்படியாகக் கீழே இறங்கும். மிஷின் பக்கத்தில் நிற்கிறவளிடம் அது வந்து சேரும்போது, துடைத்தவள் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்துகொண்டிருப்பாள். மேஸ்திரி நிற்பதோ மிஷினுக்குப் பக்கத்தில். திட்டு வாங்குகிறவள் கீழே நிற்கிறவள்தான்.

இதைச் சொன்னதும் மனிதர் எழுந்துவிட்டார். அடுக்களைக்குப் போய் இருக்கிற தட்டையெல்லாம் எடுத்து வந்து, என்னையும் என் மகளையும் பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாய் சரிசெய்துகொண்டிருந்தவரையும் வரிசையாக நிறுத்தி, தட்டைக் கைமாற்றச் சொன்னார். குழாய்க்காரர், “எனக்கு இதுக்குத் தனியா கூலி உண்டா?” என்று கேட்டார். ஒரு தட்டு உடைந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்தான் மாப்பிள்ளை என்று.

அவர் வேலை இதுதான். அந்தச் சாலையின் மேலே அங்கங்கே இரும்புச் சட்டத்தில் பலகை தொங்கும். அதில் நூறு, எண்பது, அறுபது என்று வேகம் ஒளிரும். சாலைக்கு அடியில் கம்பி புதைத்து வைத்திருக்கிறார்கள். மேலே போகிற வண்டி எத்தனை, என்ன வேகம் என்று அது எண்ணிச் சொல்லும். அந்த எண்களை வைத்து, இன்னும் பத்து நிமிடத்தில் எங்கே தேங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, தேங்குவதற்கு முன்பே பின்னால் வருபவர்களின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட வேண்டும். அந்தக் கணக்கு முழுக்க அவர் உண்டாக்கியது. எந்தப் பலகை எப்போது என்ன காட்ட வேண்டும் என்ற விதியும் அவருடையது.

வீட்டிலும் அதே புத்திதான். எங்கே வரிசையில் நின்றாலும் முன்னால் மூன்றடி இடம் விட்டு நிற்பார். அந்த இடத்தில் யாராவது நுழைந்துவிடுவார்கள். “உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் நுழைஞ்சாச்சு, நாம என்ன நாளைக்கா ரயில் ஏறப் போறோம்?” என்று என் மகள் பல்லைக் கடிப்பாள். கார் ஓட்டும்போதும் அப்படித்தான். முன்வண்டிக்கும் இவருக்கும் நடுவில் ஒரு லாரி நிற்கிற இடம் இருக்கும். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். இவர் பிரேக்கைத் தொடாமல், அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்ததும், “இன்னைக்கு மூணு அலை, அத்தை. மூணையும் முழுங்கிட்டேன். பின்னாடி யாருக்கும் போகலை” என்பார். பின்னால் வந்தவன் திட்டினானே என்பேன். “அவனுக்குத் தெரியாதில்ல, அவன் நிக்காமப் போனது என்னாலதான்னு” என்பார்.

இப்படியே போயிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் உடைந்த தட்டைத் தவிர வேறொன்றும் இருந்திருக்காது.

ஒரு நாள் காலை எட்டே இருபதுக்கு அந்தச் சாலையில் ஒரு ரொட்டி வேன் சட்டென்று நின்றது. அதன் பின்னால் வந்த காரும் நின்றுவிட்டது. காருக்குப் பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. காரில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தம்மாள் மடியில் புதிதாக வாங்கிய செருப்பு ஒரு பெட்டியில் இருந்தது என்று மட்டும் மாப்பிள்ளை சொன்னார். ஏன் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

ரொட்டி வேன்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர், “முன்னாடி வண்டி நின்னுச்சுங்க, அதான் நானும் நின்னேன்” என்றுதான் அன்றையிலிருந்து சொன்னார். முன்னால் எந்த வண்டியும் இல்லையே என்று பார்த்தவர்கள் ஐந்தாறு பேர் சாட்சி சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தம் கேட்டு அவர்கள் திரும்பிப் பார்த்தபோது முன்னால் சாலை வெறிச்சென்றுதான் இருந்தது. முன்னால் நின்ற வண்டி, பின்னால் நடந்தது தெரியாமலேயே கிளம்பிப் போய்விட்டது. காரணமில்லாமல் பிரேக் போட்டு இரண்டு உயிர் போகக் காரணமானவர் என்று வேன்காரர் மேல் எழுதிவிட்டார்கள்.

விசாரணைக்காக, விபத்து நடந்த அரை கிலோமீட்டருக்கு மட்டும் படம் வரைந்து தரும்படி அலுவலகத்தில் மாப்பிள்ளையிடம் கேட்டிருந்தார்கள். அவர் அரை கிலோமீட்டரோடு நிறுத்துகிற ஆளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் ஆள் உயரத் தாளை விரித்தார். நாலு மூலையிலும் என் மாத்திரை டப்பா, இஸ்திரிப் பெட்டி, பேத்தியின் பள்ளிக்கூட ஷூ இரண்டு. ஆறு கிலோமீட்டருக்கு வரைந்திருந்தார்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் படிப்பதற்கு எழுத்து இல்லை, கோடுதான். ஒவ்வொரு கோடும் ஒரு வண்டி. ஓடுகிற வண்டியின் கோடு ஏறிக்கொண்டே போகும். நிற்கிற வண்டியின் கோடு படுத்துவிடும். விபத்து நடந்த இடத்தில், கீழே வலது பக்கம், சிவப்பு மசியில் ஒரு புள்ளி. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய வரிசை ஞாபகம் வந்தது. குனிந்து, அந்தப் புள்ளியில் விரலை வைத்து, படுத்த கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இடது பக்கமாக மேலே போனேன். போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு இடத்தில் கோடெல்லாம் முதல் தடவையாக மடங்கியது. அதற்கு அப்பால் எல்லாம் நேர்க்கோடு.

“இந்தா, இங்க நிக்கிறவதான முதல்ல நின்னவ? இவளைப் பிடிச்சுக் கேளுங்க, மாப்பிள்ளை. என்னத்துக்கு வேன்காரரைப் பிடிக்கிறாங்க?”

அவர் என் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க யாரும் நிக்கலை, அத்தை” என்றார் பிறகு. “அங்க போர்டு இருக்கு. ஒன்பதாவது போர்டு.”

அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்குத் தெரியாத படமா அது? இன்னொருவர் விரல் அங்கே போகிறவரைக்கும் அதைத் தெரியாததாகவே வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த விரல் என்னுடையதாகப் போயிற்று.

நடந்தது இதுதான். எட்டாவது பலகைக்கு அடியில் இருந்த எண்ணும் கம்பியை, சாலை வெட்டியவர்கள் இரண்டு நாள் முன்பு அறுத்துவிட்டார்கள். எட்டாம் இடத்திலிருந்து எண் வரவில்லை. இவர்கள் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு இடத்து எண் வராவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற எண்களைப் பார்த்து, நடுவில் இவ்வளவு இருக்கும் என்று நிரப்பிவிடுவார்கள். கணக்கு ஓட வேண்டுமே. மாப்பிள்ளையும் நிரப்பினார். ஆனால் எட்டாம் இடத்தில்தான் பக்கச் சாலையிலிருந்து வண்டிகள் வந்து சேர்கின்றன. அங்கே உண்மையில் நெருக்கியடித்துக்கொண்டு போயிருக்கின்றன. நிரப்பிய எண்ணோ, சாலை காலியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் எண்பது காட்ட வேண்டிய எட்டாம் பலகை நூறு காட்டியது. நூறில் வந்தவர்கள் வளைவு திரும்பியதும், கம்பி சரியாக இருந்த ஒன்பதாம் பலகையில் அறுபதைப் பார்த்தார்கள். பிரேக்கை மிதித்தார்கள். மணி எட்டு ஐந்து. அங்கே பிறந்த அலை கால் மணி நேரம் பின்னாலேயே வந்து ரொட்டி வேனைத் தொட்டது.

நெரிசலைத் தடுக்க வைத்த பலகையே நெரிசலை உண்டாக்கியிருக்கிறது. அதற்குக் காரணம், இல்லாத ஒரு எண்ணை இருப்பதாக அவர் எழுதியது.

மறுநாள் அவர் இதைப் பெரிய பொறியாளரிடம் சொன்னார். அந்த மனிதர் அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. காலணியை வெளியே கழற்றிவிட்டு வந்து, என்னைப் பார்த்து, “அம்மா நல்லா இருக்கீங்களா?” என்று விசாரித்தார். பிறகு மாப்பிள்ளையிடம், “உன்னை அரை கிலோமீட்டர்தான்யா கேட்டாங்க. அரை கிலோமீட்டரைக் குடு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே” என்றார்.

“அதுல வேன்காரர் முதல்ல நின்ன மாதிரி இருக்கும், சார்.”

“லாரிக்காரன் இடைவெளி விட்டு வந்திருந்தா ரெண்டு பேரும் பிழைச்சிருப்பாங்க. உன் எண் தப்பா இருந்தாலும் பிழைச்சிருப்பாங்க. அது உண்மையா இல்லையா?”

“உண்மைதான், சார்.”

“அப்புறம் என்ன? நீ வாயைத் திறந்தா, நாளைக்கு எல்லாப் போர்டையும் அணைச்சுடுவாங்க. இதுவரைக்கும் அதால பிழைச்சவங்களை யாரும் கணக்குல எழுத மாட்டாங்க.”

அதற்கும் மாப்பிள்ளை, “அதுவும் உண்மைதான், சார்” என்றார். எதிர்த்துப் பேசுகிற ஆளைச் சமாதானப்படுத்திவிடலாம். ஒத்துக்கொண்டே போகிற ஆளை என்ன செய்வது?

பெரிய பொறியாளர் போனதும் என் மகள், “வேன்காரருக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?” என்று கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எதையும் நேராகத்தான் கேட்பாள்.

“மூணு வருஷம் வரைக்கும் போகலாம்.”

“உங்களுக்கு?”

“வேலை போகும். அதுக்கு மேல தெரியாது.”

அவள் எழுந்து போய் மறுநாளுக்கான சீருடையை இஸ்திரி போட்டாள். ஏற்கெனவே போட்டு வைத்ததைத்தான் திரும்பப் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “சொல்லித்தான் ஆகணும்னா சொல்லுங்க. ஆனா என்கிட்ட வந்து சரியான்னு கேக்காதீங்க. என்னால அதைச் சொல்ல முடியாது.”

இனி நான்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரைத் தடுப்பதற்காகத்தான் பேசினேன். இதில் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. என் பேத்திக்கு அப்போது ஆறு வயது.

“மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நான் ஒரு நாள் வரிசையில பதினாலாவது ஆளா நின்னேன். சேலை சாரத்து ஆணியில மாட்டிக்கிச்சு. ரெண்டு மூச்சு நேரம் நின்னுட்டேன். அவ்வளவுதான். அந்தத் தேக்கம் இறங்கி நாலாவதா நின்னவகிட்ட போச்சு. அவ கையில ஒரு சட்டி இருக்கறப்பவே அடுத்த சட்டி வந்துடுச்சு. சட்டி அவ கால்மேல விழுந்துடுச்சு. நின்னுக்கிட்டே தூங்கறியான்னு மேஸ்திரி அவளை அப்பவே அனுப்பிட்டான். நான் மேல இருந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். வாயைத் திறக்கலை. உங்க பொண்டாட்டிக்கு அப்ப ரெண்டு வயசு. நான் வாயைத் திறந்திருந்தா அவளுக்கு யாரு சோறு போட்டிருப்பா? நான் நல்லபடியாத்தானே இருக்கேன்? வானம் இடிஞ்சா விழுந்துச்சு?”



“அவங்க கால் என்ன ஆச்சு, அத்தை?”

“எனக்கெப்படித் தெரியும்? அப்புறம் அவ வேலைக்கு வரவே இல்லை.”

“எத்தனை வருஷம் இருக்கும்?”

“முப்பத்தொண்ணு” என்றேன்.

கேட்டவுடன் சொல்லிவிட்டேன். விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவில்லை. என் மகளின் வயதைக் கேட்டால்கூட நான் கொஞ்சம் தடுமாறுவேன். அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போய்த் தூங்குங்க” என்றேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. அவர் குளித்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தாளைச் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டினார். ஆறு கிலோமீட்டர் தாள். சுருட்டின தடிமனைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. நான் ஒரு முக்காலியை இழுத்து வாசற்கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“அத்தை, நேரமாகுது.”

“ஆகட்டும்.”

“நகருங்க, அத்தை.”

“மாட்டேன். என்னைத் தாண்டிப் போங்க.”

என் மகள் அடுக்களை வாசலில் நின்றாள். சீருடையும் கையில் பையுமாக நின்றாள். பேத்தி ஒரு காலில் ஷூவும் மறு கால் வெறுங்காலுமாக எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் என்னைத் தாண்ட முயலவில்லை. கோபப்படவில்லை. எப்போதும் போல மூன்றடி இடம் விட்டு, தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் நெருக்கியிருந்தால், ஒரு வார்த்தை உரக்கப் பேசியிருந்தால், நான் அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பேன். என் பிடிவாதம் இந்தத் தெருவுக்கே தெரியும். வெறும் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிற மனிதரிடம் பிடிவாதம் பிடிக்க எனக்குத் தெரியவில்லை.

“அந்த வேன்காரர் உங்களுக்கு என்ன சொந்தமா?” என்று கேட்டேன்.

“ஒரு சொந்தமும் இல்லை, அத்தை. பின்னாடி வந்தவர். அவ்வளவுதான்.” பிறகு, மிகவும் மெதுவாக, “இது என்கிட்ட நிக்கட்டும்” என்றார்.

நான் எழுந்தேன். முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். அந்தக் கதவின் தாழ் எப்போதும் இறுகிக்கொள்ளும். தூக்கி இழுக்க வேண்டும். அவர் கையில் தாள் இருந்ததால் நானே தூக்கி இழுத்தேன்.

படியில் கீழ்வீட்டுத் தையல்காரி ஒரு வாளித் தண்ணீரோடு ஏறிவந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இடம் விட்டு ஓரமாக நின்றார். அவள் மேலே வந்ததும் இறங்கினார். அவளுக்கு இது ஞாபகம் இல்லாமலா இருக்கும்? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது நான்தான், அவள் பார்த்தாள்.